மாருதி 800 முன்பக்கம் ‘டொக்’ சத்தம்: லோயர் ஆர்ம் மாற்றியும் போகவில்லை, வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

வேலூர்_800
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாருதி 800, கார்புரேட்டர், நான்கு கியர். அப்பா வாங்கிய வண்டி. ஆறு வருடம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறேன். பிரேக், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் எல்லாம் முடிந்தது. இப்போது முன்பக்க சஸ்பென்ஷனில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் இடது பக்கம் ‘டொக்’ என்று கேட்கிறது. பிரேக் பிடித்து வண்டி நிற்கப் போகும் கடைசி நேரத்தில் ஒரு தடவை கேட்கும். ரிவர்ஸ் எடுத்து பிரேக்கை அழுத்தினால் மறுபடியும் ஒன்று. இது போக, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி நேராகப் போகாமல் லேசாக அலைகிறது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.

பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “இடது லோயர் ஆர்ம் போச்சு” என்றார்கள், அதாவது சக்கரத்தைக் கீழே பாடியோடு பிணைக்கும் இரும்புக் கை. மாற்றினேன். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு முறை காசு கொடுப்பதற்கு முன்னால் எது தளர்ந்திருக்கிறது என்று நானே தெரிந்துகொள்ள ஆசை. ட்ராலி ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்பானர் செட், இரண்டடி நீள லிவர் ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய_ஸ்பானர்
தம்பி, முப்பது வருடம் இந்த வண்டிகளின் அடியில் படுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சத்தத்தை வைத்துக்கொண்டு பொருள் வாங்காதே, ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கு. 800-இன் பாடி முழுவதும் ஒரே தகரக் கூடு. வலது மூலையில் தட்டினால் இடது காலடியில் கேட்கும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஆனால் நீ எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. முன்னால் போய் பிரேக் பிடித்தால் ஒன்று, ரிவர்ஸில் பிடித்தால் ஒன்று. அப்படியென்றால் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. மேலும் கீழும் அல்ல.

இந்த வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, வண்டியின் பாரம் அதன் வழியாகவே சக்கரத்துக்கு இறங்குகிறது. லோயர் ஆர்ம் பாரம் தாங்குவதில்லை. உள்பக்கம் ஒரே ஒரு போல்ட், வெளிப்பக்கம் எல்லாத் திசையிலும் திரும்பும் பால் ஜாயிண்ட், அவ்வளவுதான். ஒரே போல்ட்டில் தொங்கும் ஆர்மை முன்னும் பின்னும் போகாமல் எது பிடித்து வைக்கிறது? ஸ்டெபிலைசர் பார். அந்தக் கம்பியின் நுனி ஆர்மில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் புஷ், வாஷர், கடைசியில் நட் போட்டு இறுக்கியிருக்கும். மற்ற பல வண்டிகளில் இந்தக் கம்பிக்கு வண்டி சாயாமல் பார்ப்பது மட்டுமே வேலை. 800-இல் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவதும் இதன் வேலைதான். அந்த ரப்பர் நைந்துவிட்டால் நீ எத்தனை ஆர்ம் மாற்றினாலும் சத்தம் போகாது.

முதல் சோதனைக்கு ஜாக்கியே வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்து, இஞ்சின் அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பின்னாலிருந்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நீ பக்கவாட்டில் நின்று டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை போனில் வீடியோ எடு. ஃபெண்டரில் ஒரு ஸ்கேலை ஒட்டிக்கொள். இரண்டு பக்கமும் எடு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் எது அதிகம் என்று தெரியாது.

கண்டி_மலைப்பாதை
வணக்கம் தம்பி. இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் மாருதி 800 இன்னும் நிறைய ஓடுது. மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வாறதால் இந்த புஷ்தான் முதலில் போகும். என்ட வண்டியிலும் இதே சத்தம், இதே புஷ்.

ஒன்றைக் கவனியுங்கோ. ஜாக்கி போடும்போது ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு சக்கரத்தை ஆட்டிப் பார்க்காதையுங்கோ. ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு ஆர்மை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும், பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலும் கையில் தெரியாது. முன் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கினால்தான் உண்மை தெரியும். எனக்கு இது தெரியாமல் ஒரு மாதம் வீணாய்ப் போச்சுது.

வேலூர்_800
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே என் கதை! போன வாரம் இடது பக்கத்தை மட்டும் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு பக்கமும் தூக்கினால் ஸ்டாண்டு எங்கே வைப்பது?

சேலம்_கேரேஜ்
தம்பி, நான் அப்பாவின் பழைய வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், எல்லா வேலையும் வீட்டு வாசலிலேயேதான். இந்தக் கேள்வியைக் கேட்டதே நல்லது.

பின் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் பிடிப்பதால் முன்பக்கத்தைத் தூக்கும்போது அதையும் போட்டுவிடுங்கள். ஜாக்கியை முன் நடு கிராஸ்மெம்பரில் (குறுக்கு இரும்புச் சட்டம்) வைத்துத் தூக்கலாம். ஸ்டாண்டை கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடி விளிம்பான சில்லில் ஜாக்கி போடுவதற்கென்றே கனமாக வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். ஆறு வருடம் நின்ற வண்டி என்பதால் முதலில் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். 800-இல் சில் துரு பிடித்து உள்ளே வெறும் பெயிண்ட்தான் மிஞ்சியிருக்கும், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குத்தினால் உள்ளே போகிறது என்றால் அங்கே ஸ்டாண்டு வைக்காதீர்கள்.

ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஸ்டெப்னியைச் சில்லுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். 800 சின்ன வண்டிதான், ஆனாலும் சுமார் 650 கிலோ. வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போக வேண்டாம்.

தூக்கிய பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கா, பால் ஜாயிண்டா என்று சந்தேகம் வரும். அப்போது உள்ளே இருப்பவரை பிரேக் அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்டோ அதற்கு மேலே உள்ளதோ. பிரேக் பிடிக்கும்போது பேட், டிஸ்க்கை நக்கிளோடு (பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்த்துக் கவ்விக்கொள்வதால் பேரிங்கின் ஆட்டம் வெளியே வராது.

பேரிங்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் சொரசொரப்பாக இருந்தால் ஸ்பிரிங்கில் அதிர்வு தெரியும். காதுக்குக் கேட்காதது விரலுக்குத் தெரியும்.

இரவுப்பயணி
இவ்வளவு வேலை எதற்கு? 25 வருடத்துக்கு மேலான வண்டியில் ஸ்ட்ரட் போகாமலா இருக்கும். பானெட்டை அழுத்திவிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று முறை குதித்தால் ஸ்ட்ரட் போய்விட்டது. மாற்றுங்கள், சத்தம் போய்விடும்.

பழைய_ஸ்பானர்
நண்பரே, மாற்ற வேண்டியது வரலாம், மறுக்கவில்லை. ஆனால் பானெட்டை அழுத்தும் சோதனை, ஸ்ட்ரட் அதிர்வை அடக்குகிறதா என்று மட்டும்தான் சொல்லும். எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லாது. ஸ்ட்ரட்டைச் சந்தேகிக்க மூன்று விஷயம் பாருங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் ஈரமும் அதில் மண்ணும் அப்பியிருக்கிறதா? மேலே மவுண்ட் ரப்பர் கிழிந்து, வண்டியை அசைக்கும்போது நடு நட் துள்ளுகிறதா? ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பும்போது ஸ்பிரிங் கூடவே சுழலாமல் நின்று, அப்புறம் ‘டங்’ என்று விடுபட்டுத் திரும்புகிறதா? கடைசியாகச் சொன்னது நடந்தால் மேல் பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றும் இல்லாத ஸ்ட்ரட்டை மாற்றினால் சத்தம் அதே இடத்தில்தான் இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். இந்தத் தம்பி லோயர் ஆர்மில் ஒரு முறை அதை அனுபவித்துவிட்டான்.

தம்பி, இன்னொன்று விட்டுப்போனது. சிறு குழிகளில் ‘கடகட’ என்று கேட்டால், அதே ரோட்டில் பிரேக்கை மிக லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டிப் பார். சத்தம் நின்றால் காலிப்பரில் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) பேட் ஆடுகிறது, சஸ்பென்ஷனில் ஒன்றுமில்லை. இதற்காக முன்பக்கம் முழுவதும் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலூர்_800
ஞாயிறு முழுக்க இதே வேலை. என் தம்பி உள்ளே உட்கார்ந்து பிரேக் பிடித்தான், மாமா பின்னால் நின்று தள்ளினார். நான் வீடியோ எடுத்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

தள்ளிப் பார்த்ததில் வலது சக்கரம் 2 மில்லிமீட்டர் போல நகர்கிறது. இடது 8 மில்லிமீட்டர்! ஒவ்வொரு முறையும் ‘டொக்’. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சக்கரம் முழுதாகப் பின்னால் போய், நின்று, அப்புறம் திரும்புகிறது. ஒரு வருடமாகக் கேட்ட சத்தம் கண்ணுக்குத் தெரிந்ததும் கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா.

இரண்டு பக்கமும் தூக்கினேன். மேலும் கீழும் ஆட்டினால் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லிவர் கொடுத்து மெதுவாக நெம்பினேன், பால் ஜாயிண்டில் ஆட்டமில்லை, ரப்பர் பூட்டும் கிழியவில்லை. பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறது. ஸ்ட்ரட்டில் எண்ணெய் இல்லை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வலது சக்கரத்தில் லேசாக ஏதோ இருக்கிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இடது ஆர்மில் கம்பி நுழையும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டின் பக்கம் புது ரப்பர் போலவே இருக்கிறது. மறுபக்கம் மண் அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

பழைய_ஸ்பானர்
8 மில்லிமீட்டர் என்றால் பேச வேண்டியதே இல்லை. கம்பியைக் கழற்று. கழற்றும் முன் வலது பக்கத்தில் வாஷரின் குழிந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள். கம்பியைப் பாடியோடு பிடித்திருக்கும் இரண்டு பிராக்கெட் புஷ்ஷையும் பார், அதில் தளர்வு இருந்தாலும் சக்கரம் இதேபோல நகரும். துருவுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு வை. நட் மறுத்தால் நீளக் குழாயை மாட்டி முரட்டுத்தனமாகத் திருகாதே. கம்பியின் மரை போனால் கம்பியையே மாற்ற வேண்டி வரும்.

வேலூர்_800
கழற்றிவிட்டேன். நட்டின் பக்கம் புது புஷ். மறுபக்கத்தில் புஷ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, கறுப்புத் தூள் மட்டும் வந்தது. வாஷர் நேராக ஆர்மின் இரும்பில் இடித்து இடித்து அந்த இடம் காசு மாதிரி பளபளக்கிறது. லோயர் ஆர்ம் மாற்றியபோது கைக்கு எட்டிய பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, உள்பக்கப் பழைய புஷ்ஷையே விட்டிருக்கிறார்கள். பிராக்கெட் புஷ்களும் கம்பியைப் பிடிக்காத அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன.

கடையில் ரப்பரிலும் இருக்கிறது, மஞ்சள் நிறத்தில் கெட்டியான ஒன்றும் இருக்கிறது. அது நீண்ட நாள் வரும் என்கிறார்கள். எதை வாங்க?

கண்டி_மலைப்பாதை
தம்பி, ரப்பரையே வாங்குங்கோ. கெட்டிப் புஷ் போட்டு நான் பார்த்தேன். ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் காலடியில் தெரியும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது கம்பியின் நுனி சற்றே கோணம் மாற வேண்டும், அதற்கு ரப்பர்தான் வளைந்து கொடுக்கும்.

சேலம்_கேரேஜ்
நானும் ரப்பர்தான் சொல்வேன். இரண்டு பக்கத்துக்கும் முழு செட்டாக வாங்குங்கள். போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது எதையும் முழுதாக இறுக்காதீர்கள். நட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்திவிட்டு, சக்கரத்தில் பாரம் இருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள். ஆர்மின் உள்பக்க போல்ட்டுக்கு இது ரொம்ப முக்கியம். அதன் புஷ் இரும்போடு ஒட்டிய ரப்பர். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி இறங்கிய பிறகு வாழ்நாள் முழுவதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். உங்கள் புது ஆர்மைப் பட்டறையில் எப்படி இறுக்கினார்கள் என்று தெரியாததால் அதையும் ஒரு முறை தளர்த்தி மறுபடி இறுக்கிவிடுங்கள்.

வேலூர்_800
போட்டுவிட்டேன்! நீங்கள் சொன்னபடி தரையில் இறக்கித்தான் இறுக்கினேன். மறுபடி தள்ளிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டருக்குள். பிரேக்கில் சத்தம் இல்லை, ரிவர்ஸில் இல்லை, வேகத்தடையிலும் இல்லை. வீட்டுத் தெருவிலேயே பத்து முறை பிரேக் பிடித்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ஆனால் 50-க்கு மேல் அலைவது போகவில்லை. குறைந்திருக்கிறது, போகவில்லை.

பழைய_ஸ்பானர்
பெரிய ஆட்டம் ஒன்று இருந்தால் சின்னது அதற்குள் ஒளிந்துகொள்ளும். வலது சக்கரத்தில் பக்கவாட்டில் ஏதோ இருப்பதாக முன்பே எழுதியிருந்தாய், நான் அதை மறக்கவில்லை.

இப்போது வண்டி தரையிலேயே இருக்கட்டும். இதற்கு பாரம் வேண்டும். இஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் லாக் விழாமல் சாவியை ஒரு கட்டம் திருப்பி வை. உன் தம்பியை உள்ளே உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு அங்குலம் மட்டும் வேகமாக ஆட்டச் சொல். நீ சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் விரலால் சுற்றிப் பிடி. ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டான டை ராடு எண்டின் மூடியும் நக்கிளின் கையும் சேர்ந்தாற்போல அசைய வேண்டும். ஒன்று நகர்ந்து மற்றது தாமதித்தால் அங்கே ஆட்டம். அடுத்து ஸ்டியரிங் ராக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் பல் கம்பி) பெல்லோஸ் ரப்பரை மெல்ல அமுக்கி உள்ளே இருக்கும் ராக் எண்டைப் பிடித்துப் பார். கடைசியாக ராக்கையே பாடியோடு பிடிக்கும் கிளாம்ப் ரப்பர். ஸ்டியரிங்கை ஆட்டும்போது ராக்கின் குழாய் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த ரப்பர் போயிருக்கிறது. விரலை நசுங்கும் இடத்தில் வைக்காதே, மெதுவாகச் செய்.

டயரையும் பார். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3216 என்றால் 2016-இன் 32-வது வாரம் செய்தது. ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர் என்பதால் கேட்கிறேன்.

வேலூர்_800
டயர் 2015. நான்கிலும் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. அது எப்படியும் மாற்ற வேண்டும், குறித்துக்கொண்டேன்.

ஆட்டம் வலது ராக் எண்டில். பெல்லோஸுக்குள் விரலில் ‘டிக் டிக்’ என்று தெளிவாகத் தெரிந்தது. டை ராடு எண்டுகள் இரண்டும் சரி. கிளாம்ப் ரப்பர் சரி. பெல்லோஸில் ஒரு கீறல் இருக்கிறது, அந்த வழியாகத் தண்ணீர் போய் கிரீஸ் செத்திருக்க வேண்டும். இதை நானே மாற்றலாமா?

சேலம்_கேரேஜ்
மாற்றலாம். ராக் எண்டு ராக்கின் நுனியில் மரையில் ஏறியிருக்கும், சுழலாமல் இருக்க ஒரு லாக் வாஷரை மடித்துவிட்டிருப்பார்கள். பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். கூடவே புது பெல்லோஸ். டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், அதே எண்ணிக்கையில் திரும்ப ஏற்றினால் டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்க்கும் கோணம்) ஏறத்தாழ பழைய இடத்துக்கு வரும். கேஸில் நட்டில் (மேலே வெட்டு வெட்டாக இருக்கும் நட்) ஸ்பிளிட் பின் புதிதாகப் போட வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அலைன்மெண்ட் கடைக்குப் போகும் வரை வண்டி ஓட வேண்டுமே, அதற்கு வீட்டிலேயே ஒரு அளவு எடுக்கலாம். இரண்டு முன் டயரின் பின்பக்கத்திலும் ஹப் உயரத்தில் நடுவில் ஒரு சாக்பீஸ் குறி. இரண்டு குறிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்துகொண்டு, அதே குறிகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னால் உருட்டி மறுபடி அளங்கள். ஒரே குறியை இரு முறை அளப்பதால் ரிம் வளைந்திருந்தாலும் கணக்கு கெடாது. பெரிய வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொண்டு கடைக்கு ஓட்டிப் போங்கள். புது டயரைப் போட்ட பிறகு அலைன்மெண்ட் செய்தால் ஒரே செலவில் முடியும்.

வேலூர்_800
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ராக் எண்டு, பெல்லோஸ், நான்கு டயர், அலைன்மெண்ட் முடிந்தது. நேற்று அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆம்பூர் வரை போய் வந்தேன். 70-இல் ஒரு கையால் பிடித்தால் போதும், நேராகப் போகிறது. அப்பா வழியில் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது சாவியைக் கேட்டு வாங்கி, தெருமுனை வரை தானே ஓட்டிவிட்டு வந்தார்.

கழற்றிய பழைய ஸ்ட்ரட் எதுவும் இல்லை, ஏனென்றால் ஸ்ட்ரட்டை மாற்றவே தேவைப்படவில்லை. பழைய_ஸ்பானர் ஐயா, சேலம் அக்கா, கண்டி அண்ணா, மூவருக்கும் நன்றி.

புது_ஆல்டோ
இந்த இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். என்னுடைய 2006 ஆல்டோவிலும் ரிவர்ஸ் பிரேக்கில் இதே சத்தம். இன்று மாலையே தூக்கிப் பார்க்கப் போகிறேன். டயர் மாற்றும் ஜாக்கி மட்டும்தான் இருக்கிறது, போதுமா?

பழைய_ஸ்பானர்
இன்று மாலை தூக்க வேண்டாம். பிரேக் பிடித்துத் தள்ளும் சோதனையை மட்டும் இன்று செய்யுங்கள், அதற்கு ஜாக்கியே தேவையில்லை. வீடியோவை இங்கே போடுங்கள். ஸ்டாண்டு இரண்டு வாங்கிய பிறகு மீதியைப் பார்ப்போம்.